ஜெயில்ல இருக்கறவருக்கு காசில்லாம வக்கீல் கிடைக்குமா, அவர் போலீஸ் பக்கமா நம்ம பக்கமா

கேட்ட கேள்வி இதுதான்: அக்கா வீட்டுக்காரர், லோடு இறக்குற வேலை, பைக் திருட்டு கேஸ்ல பிடிச்சு 12 நாளா கிளைச்சிறைல இருக்கார். பிரைவேட் வக்கீல் கேக்கற ஃபீஸ கட்ட வழியில்ல. ஒருத்தர் இலவச வக்கீலுக்கு எழுதி குடுங்கன்றார், இன்னொருத்தர் கவர்மென்ட் வக்கீல் வச்சா உள்ளயேதான் கெடக்கணும், அவங்கல்லாம் போலீஸ் ஆளுன்றார், எது நெசம்?

தம்பி, முதல்ல அந்த ரெண்டாவது ஆள் சொன்னத முடிச்சுடலாம், ஏன்னா இந்த ஒரு குழப்பத்தால வக்கீலே இல்லாம மாசக்கணக்கா உள்ள கெடந்தவங்கள நானே பாத்திருக்கேன். கோர்ட்ல அரசு வக்கீல்னு எல்லாரும் சொல்றது பிபி, ஏபிபி. அவங்க அரசு தரப்பு, உங்க மச்சான் மேல இருக்கற கேஸ நடத்தறதே அவங்கதான். இலவச வக்கீல் வர்றது வேற எடத்துலேர்ந்து. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுன்னு ஒண்ணு இருக்கு, மாவட்ட கோர்ட்லயே ஆபீஸ், அதுக்கு தலைவர் மாவட்ட நீதிபதி, செயலாளரா இருக்கறவரும் நீதித்துறைக்காரர்தான், ஸ்டேஷனுக்கும் அதுக்கும் எந்த ஒட்டும் கிடையாது. வக்கீலுக்கு பணம் அங்கேர்ந்து போகுது, அவ்ளோதான். வக்காலத்துல கையெழுத்து போடறது உங்க மச்சான், அப்ப அவர் உங்க மச்சானோட வக்கீல். காசு குடுத்து வச்ச வக்கீல்கிட்ட சொன்ன ரகசியம் எப்படி வெளிய போகக்கூடாதோ அதே மாதிரிதான் இவர்கிட்ட சொன்னதும்.

நான் லீகல் எய்டு பேனல்ல, அதாவது இலவச வக்கீல் லிஸ்ட்ல, இருந்தப்ப ஒரு அம்மா, மகனுக்காக நான் ஆஜராகறேன், மூணு வாய்தாவா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல, கேட்டா தலைய ஆட்டும், போயிடும். நாலாவது வாய்தா அன்னைக்கு நேரா ஏபிபி ரூம் வாசல்ல நின்னு, ஐயா எம்புள்ளைய எப்படியாவது நீங்கதான் காப்பாத்தணும்னு ஆரம்பிச்சு, சம்பவத்தன்னிக்கு பையன் எங்க இருந்தான், யாரோட இருந்தான், அந்த செல்போன் எப்படி வீட்டுக்கு வந்துச்சுன்னு மொத்தத்தையும் அவர்கிட்ட கொட்டிடுச்சு. அவரு நல்ல மனுஷன், பாதிலயே கைய காட்டி நிறுத்தி, அம்மா நான் எதிர் பக்கம், இத என்கிட்ட சொல்லாதீங்க, அந்தா நிக்கறாரு பாருங்க அவர்தான் உங்க வக்கீல்னு என்னைய காட்டுனார். அந்த அம்மா என்னைய பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. மூணு மாசமா நான்தான் போலீஸ் ஆளுன்னு நெனச்சுட்டு இருந்திருக்கு.

சரி, உங்க மச்சானுக்கு கிடைக்குமான்னா, கிடைக்கும், அதுல சந்தேகமே வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987ல வந்துச்சு, நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. அதுல 12ஆவது பிரிவுல யார் யாருக்கு இலவச வக்கீல்னு வரிசையா இருக்கும், பெண்கள், குழந்தைகள், எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள்னு. அந்த வரிசைலயே காவல்ல இருக்கற ஆள்னு தனியா ஒண்ணு இருக்கு, அதுக்கு வருமான வரம்பே கிடையாது. ஜெயில்ல இருக்கார்ங்கறதே தகுதி. தாசில்தார் ஆபீஸுக்கு வருமான சான்றிதழுக்காக அலைய வேண்டாம், யாராவது அலைய விட்டா அந்த பிரிவ சொல்லி கேளுங்க. இந்த வரிசைல எதுலயும் வராத ஆளுக்கு மட்டும்தான் வருமான கணக்கு பாப்பாங்க, அதுக்கும் 13ஆவது பிரிவுப்படி அவரே எழுதி குடுக்கற அபிடவிட் போதும், அத நம்பாம இருக்க ஏதாவது காரணம் இருந்தாதான் மேல கேக்கலாம்.

இதுல ஒரு கொடுமை என்னன்னா, இந்த உரிமைய நீங்க கேக்கவே தேவையில்லன்னு சட்டம் சொல்லுது, ஆனா கேக்கலன்னா பல நேரம் கிடைக்கறதில்ல. இந்த கேக்கணுமா வேண்டாமாங்கறது பெரிய கதை, கொஞ்சம் சொல்றேன்.

அரசியலமைப்புல 22(1)ல, தனக்கு விருப்பமான வக்கீல கலந்து பேசவும் அவர வச்சு வாதாடவும் உரிமைன்னு எழுதியிருக்கு. காசு இருக்கறவன் வக்கீல் வச்சா தடுக்கக்கூடாது, அதுதான் அர்த்தம்னு ரொம்ப நாள் ஓட்டுனாங்க. 1951ல தாரா சிங் வழக்குல உச்ச நீதிமன்றம், அப்ப இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்த வச்சு, வக்கீல் வேணும்னா அக்யூஸ்ட்தான் கேக்கணும், ஏற்பாடு பண்ணி தர்றது மாஜிஸ்திரேட் வேலையோ போலீஸ் வேலையோ இல்லன்னு சொல்லிடுச்சு. எழுதப் படிக்க தெரியாத, கூண்டுல நடுங்கிட்டு நிக்கற ஆள் எப்படிங்க கேப்பான், தனக்கு அப்படி ஒண்ணு உண்டுன்னே தெரியாதே.

1976ல 42ஆவது திருத்தத்துல 39ஏ பிரிவு வந்துச்சு, இலவச சட்ட உதவிய அரசு ஏற்பாடு பண்ணணும்னு. ஆனா அது வழிகாட்டு நெறிமுறை, அத மட்டும் வச்சு கோர்ட்டுக்கு போக முடியாது. அதுக்கு உசிர் குடுத்தது 78லேர்ந்து 86 வரைக்கும் வந்த தீர்ப்புகள்தான், பெரும்பாலும் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கிருஷ்ணய்யரும் பகவதியும் எழுதுனது. 1978ல ஹோஸ்கோட் வழக்கு, தண்டனை ஆனவனுக்கு தீர்ப்பு நகல் இலவசமா குடுக்கணும், அப்பீலுக்கு வக்கீலும் குடுக்கணும்னு. 1979ல ஹுசைனாரா காத்தூன், பீகார் ஜெயில்கள்ல விசாரணைக் கைதிகளா இருந்தவங்க பத்தி, அதுல பலபேர் செஞ்சதா சொல்ற குத்தத்துக்கு என்ன அதிகபட்ச தண்டனையோ அதவிட அதிக காலம் விசாரணையே முடியாம உள்ள இருந்திருக்காங்க. இலவச வக்கீல்ங்கறது 21ஆவது பிரிவோட பகுதி, அதாவது உயிர் வாழற உரிமை, சுதந்திரம் இதோட சேந்ததுன்னு அதுலதான் அழுத்தமா சொன்னாங்க.

1980 டிசம்பர்ல வந்தது பாகல்பூர் வழக்கு தீர்ப்பு. பீகார்ல போலீஸ் கஸ்டடில இருந்தவங்க கண்ணுல ஊசி குத்தி ஆசிட் ஊத்துன சம்பவம். அவங்கள மாஜிஸ்திரேட் முன்னாடி கொண்டுவந்து நிறுத்துனாங்க, ரிமாண்ட் ஆச்சு, அதாவது காவல்ல வைக்க உத்தரவு போட்டாங்க, யாருக்கும் வக்கீல் இல்ல. ஏன் இல்லன்னு கேட்டதுக்கு கிடைச்ச பதில், அவங்க யாரும் கேக்கலங்க. கண்ணு போன மனுஷன் கேக்கலயாம். அதுலதான் பகவதி, முதல்தடவ மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தற அந்த நிமிஷத்துலேர்ந்து வக்கீல் குடுக்கணும், உனக்கு இலவசமா வக்கீல் உண்டுன்னு மாஜிஸ்திரேட்டே சொல்லணும், நிதி இல்லன்னு அரசு சாக்கு சொல்ல முடியாதுன்னு சொன்னார். அப்புறம் 1986ல சுக் தாஸ்ங்கற அருணாச்சலப் பிரதேச வழக்கு, அவருக்கு கெடச்சது ரெண்டு வருஷ தண்டனைதான், ஆனா வக்கீல் இல்லாமயே விசாரணை நடந்துருக்கு, அவர் கேக்கவும் இல்ல. கேக்கலங்கறதால உரிமை போகாதுன்னு சொல்லி தண்டனைய ரத்து பண்ணிட்டாங்க. 51ல ஆரம்பிச்சது 86ல தலைகீழா திரும்பிச்சு.

அமெரிக்காவுலயும் இதே மாதிரி ஒரு கதை உண்டு, 1961ல ஃப்ளோரிடால கிடியன்னு ஒருத்தர், பூல் ஆடற கடைல பூட்ட ஒடச்சு சில்லறை திருடுனதா கேஸ். வக்கீல் வேணும்னு வாய விட்டு கேட்டார், மரண தண்டனை கேஸுக்குதான் குடுப்போம்னு ஜட்ஜ் சொல்லிட்டார், தானே வாதாடி தோத்து அஞ்சு வருஷம். ஜெயில்ல உக்காந்து பென்சில்ல எழுதிதான் சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு போட்டார், 1963ல ஜெயிச்சார், திரும்ப விசாரணை நடந்தப்ப வக்கீல் வந்தார், சாட்சிய கிராஸ் பண்ணார், விடுதலை. அதே ஆள், அதே கேஸ்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். காகிதத்துல இவ்ளோ இருந்தும் எங்க ஓட்டை விழுதுன்னா, ரிமாண்ட்ல. கைது பண்ணி 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், அது பல தடவ ராத்திரி எட்டு மணிக்கோ பத்து மணிக்கோ அவர் குடியிருப்புல நடக்கும். நீங்க ஒரு தடவ அத பாக்கணும். வாசல்ல டியூப் லைட், ஜீப், ரெண்டு போலீஸ், நடுவுல செருப்பில்லாம ஒருத்தன், சட்டைப் பட்டன் ஒண்ணு பிஞ்சிருக்கும். உள்ள கூப்புடுவாங்க. பேரு என்ன, அப்பா பேரு என்ன, போலீஸ் அடிச்சாங்களா, வக்கீல் இருக்காரா, ரெண்டு நிமிஷத்துக்குள்ள கேள்வி முடிஞ்சிடும். பின்னாடி ஒரு முழம் தள்ளி நிக்கறது அவன பிடிச்சுட்டு வந்த அதே ஏட்டு. அவன் எதுக்கும் தலைய ஆட்டுவான், ஆமான்னா இல்லன்னான்னு யாருக்கும் தெரியாது, கையெழுத்து வாங்கிட்டு 15 நாள் ரிமாண்ட். அந்த தலையாட்டல்தான் அப்புறம் ரெக்கார்டுல வக்கீல் வேணும்னு கேக்கலன்னு மாறிடுது.

அந்த ரெண்டு நிமிஷத்துல ஒரு வக்கீல் நின்னா என்ன பெருசா மாறிடும்னு கேப்பீங்க. உங்க மச்சான் கேஸயே எடுத்துக்குங்க, சாதா திருட்டுன்னா பிஎன்எஸ், அதாவது பழைய ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம், அதுல 303(2), மூணு வருஷம் வரைக்கும்தான் தண்டனை. ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குத்தத்துக்கு எடுத்தோம் கவுத்தோம்னு கைது பண்ணக்கூடாது, ஏன் கைது அவசியம்னு போலீஸ் காரணம் எழுதணும், மாஜிஸ்திரேட் அத பாத்து திருப்தி ஆனாதான் ரிமாண்ட் பண்ணணும்னு 2014ல அர்னேஷ் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. வக்கீல் நின்னா அத எடுத்து சொல்லி ரிமாண்டையே எதிர்க்கலாம். ஒடம்புல காயம் இருந்தா பதிவு பண்ண வைக்கலாம். என்ன காரணத்துக்கு கைதுன்னு புரியற மாதிரி சொன்னாங்களான்னு கேக்கலாம், சொல்லலன்னா கைதே செல்லாதுன்னு 2025 பிப்ரவரில விஹான் குமார் வழக்குல தீர்ப்பு வந்திருக்கு. சாட்சிய வச்சு அடையாள அணிவகுப்பு நடத்தப் போறாங்கன்னா, ஸ்டேஷன்லயே சாட்சிக்கு இவர காட்டிட்டாங்கங்கறத அன்னைக்கே மாஜிஸ்திரேட்கிட்ட சொல்லி வைக்கணும், ஆறு மாசம் கழிச்சு சொன்னா யோசிச்சு வந்து சொல்றாங்கம்பாங்க.

அதனாலதான் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2019லயே கைதுக்கு முன்ன, கைது, ரிமாண்ட் இந்த மூணு கட்டத்துலயும் வக்கீல் போகணும்னு ஒரு வழிமுறை போட்டுச்சு, ரிமாண்ட் வக்கீல்னு பேர் போட்ட லிஸ்டும் கோர்ட்ல இருக்கும். போலீஸ் விசாரணை நடக்கும்போதே வக்கீல பாக்கற உரிமையும் சட்டத்துல இருக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சிஆர்பிசில 41டி, 2024 ஜூலைலேர்ந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 38, ஆனா விசாரணை முழுக்க பக்கத்துலயே உக்கார முடியாது, நடுவுல பாக்கலாம், அவ்ளோதான். 2012ல கசாப் தீர்ப்புல, மும்பை தாக்குதல் வழக்கு, முதல் ரிமாண்ட்லயே வக்கீல் பத்தி சொல்லாத மாஜிஸ்திரேட் மேல துறை நடவடிக்கை எடுக்கலாம்னு வரைக்கும் போயிட்டாங்க. ஆனா அதே தீர்ப்புல ஒரு கொக்கியும் இருக்கு, ரிமாண்ட்ல வக்கீல் இல்லாததால மட்டும் கேஸ் அடிபடாது, அதனால பாதிப்பு வந்துச்சுன்னு காட்டணும், கோர்ட்ல நடக்கற விசாரணைல வக்கீல் இல்லன்னாதான் கேஸே அடிபடும். என்னைய கேட்டா கெடுதல் பாதி ரிமாண்ட்லயே முடிஞ்சிடுது, அங்க விட்டத பின்னாடி பாதிப்புன்னு நிரூபிக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல.

அடுத்து நீங்க நாள் எண்ண வேண்டிய விஷயம். இந்த மாதிரி கேஸ்ல 60 நாளுக்குள்ள போலீஸ் சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை, போடலன்னா ஜாமீன் உரிமையாவே வந்துடும், பத்து வருஷம் அதுக்கு மேல, ஆயுள், மரணம் இந்த மாதிரி கேஸுக்கு 90. ரிமாண்ட் பண்ண நாளும் கணக்குல சேரும். ஆனா இது தானா வராது, மனு போடணும், நீங்க மனு போடறதுக்குள்ள அவங்க சார்ஜ் ஷீட் போட்டுட்டா போச்சு. சென்னைல ஒரு போதைப்பொருள் கேஸ், அதுக்கு கெடு 180 நாள், அது முடிஞ்ச அடுத்த நாள் காலைல கோர்ட் திறந்ததும் வக்கீல் மனு போட்டுட்டார், அன்னைக்கு சாயங்காலமே அவசர அவசரமா புகார் (அந்த கேஸ்ல சார்ஜ் ஷீட் மாதிரி அதுதான்) தாக்கல் பண்ணாங்க, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2020ல, காலைல போட்டதுதான் முந்துச்சு, ஜாமீன் உண்டுன்னு தீர்ப்பு. சில மணி நேரத்துல ஒருத்தரோட சுதந்திரம். வக்கீல் இல்லாத ஆளுக்கு அன்னைக்கு 61ஆவது நாள்னே தெரியாது, ஜெயில்லேர்ந்து வீடியோல முகத்த காட்டுவாங்க, எக்ஸ்டென்ஷன்னு எழுதிட்டு திரையில அடுத்த ஆள் வந்துடுவான். (எழுதி குடுக்கலன்னாலும் வாயால கேட்டாலே போதும்னு 2017ல ராகேஷ் குமார் பால் வழக்குல சொல்லியிருக்காங்க, அதையும் உங்க மச்சானுக்கு சொல்லி வைங்க.)

ஜாமீன் கெடச்சாலும் வெளிய வர்றது தனி பாடு. ஜாமீன்தாரர் ரெண்டு பேர், சொத்து காட்டணும், வீட்டு வரி ரசீது, ஆதார்னு கேப்பாங்க. எனக்கு வந்த கேஸ் ஒண்ணு, பழைய இரும்பு பொறுக்கற ஒரு பெரியவர், ஜாமீன் ஆர்டர் ஆகி எழுபது நாளைக்கு மேல உள்ளயே இருந்தார். அவருக்கு ஜாமீன் கெடச்சதே தெரியாது, முன்ன இருந்த வக்கீல் ஆர்டர் வாங்குனதோட வேலை முடிஞ்சதுன்னு விட்டுட்டார், வீட்ல சொல்ல ஆளில்ல. ஜெயிலுக்கு நான் வேற ஒருத்தர பாக்க போனப்ப தற்செயலா தெரிஞ்சுது. ஷ்யூரிட்டிய, அதாவது ஜாமீன்தாரர் நிபந்தனைய, தளத்தி சொந்த பிணைல விடணும்னு ஒரு பக்க மனு, அன்னைக்கே ஆர்டர் ஆச்சு. 2023 ஜனவரில உச்ச நீதிமன்றம் இதுக்குன்னே வழி பண்ணியிருக்கு, ஜாமீன் கெடச்சு ஏழு நாள்ல ஆள் வெளிய வரலன்னா ஜெயில் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழு செயலாளருக்கு தகவல் குடுக்கணும், ஒரு மாசம் ஆகியும் ஷ்யூரிட்டி குடுக்க முடியலன்னா கோர்ட் தானாவே நிபந்தனைய மாத்த முடியுமான்னு பாக்கலாம். ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு மத்திய அரசு திட்டத்துல பண உதவியும் இருக்கு. 1978லயே மோத்தி ராம் வழக்குல, கொத்தனார் ஒருத்தருக்கு பத்தாயிரம் ரூபா ஷ்யூரிட்டி கேட்டு, ஜாமீன்தாரர் வேற மாவட்டத்துக்காரர்னு தள்ளி விட்டத கிருஷ்ணய்யர் கிழிச்சு தொங்க விட்டிருப்பார். 2022 கணக்குப்படி நாட்டுல ஜெயில்ல இருந்த 5,73,220 பேர்ல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க. நூத்துக்கு எழுபத்தஞ்சு பேருக்கு மேல, இன்னும் குத்தம் நிரூபிக்கப்படாதவங்க.

சரி, இலவச வக்கீல் நல்லா பண்ணுவாரான்னு நீங்க கேக்காம விட்டத நானே சொல்றேன், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. சிலர் நல்லா பண்ணுவாங்க, சிலர் கேஸ் கட்ட திறக்கவே மாட்டாங்க. பேனல் வக்கீலுக்கு கெடைக்கற தொகை கம்மி, அதுவும் பில் போட்டு வர்றதுக்கு நாளாகும், அதனால சொந்த கட்சிக்காரர் கேஸ் இருக்கற அன்னைக்கு இத தள்ளி வைப்பாங்க. நானே ரெண்டு மூணு தடவ தள்ளி வச்சிருக்கேன், பொய் சொல்லல. டெல்லில 1997 பஸ் குண்டுவெடிப்பு வழக்குல 65 சாட்சிகள்ல 56 பேர வக்கீலே இல்லாம விசாரிச்சு ஒருத்தருக்கு தூக்கு குடுத்தாங்க, உச்ச நீதிமன்றம் 2012ல அத ரத்து பண்ணி மறுபடி விசாரிக்க சொல்லுச்சு. இன்னொண்ணு மத்தியப் பிரதேசம், அனோகிலால் வழக்கு. 2013ல வக்கீல் நியமிச்ச அன்னைக்கே குற்றச்சாட்டு வனைஞ்சு, ரெண்டு வாரத்துல விசாரணை முடிஞ்சு மரண தண்டனை. வக்கீல்னு ஒருத்தர் பேருக்கு இருந்தார், ஆனா கட்டு படிக்க நேரமில்ல, ஆள பாத்து பேசவும் நேரமில்ல. 2019ல உச்ச நீதிமன்றம் அத ரத்து பண்ணிட்டு, ஆயுள், தூக்கு வரக்கூடிய கேஸ்ல குறைஞ்சது பத்து வருஷ அனுபவம் உள்ள வக்கீல்தான் போடணும், தயாராக குறைஞ்சது ஏழு நாள் குடுக்கணும்னு சொல்லுச்சு. கடைசில அந்த ஆள் விடுதலையே ஆகிட்டார், அதுக்குள்ள பதினொரு வருஷம் போயிடுச்சு.

இத சரி பண்ணதான் 2022லேர்ந்து லீகல் எய்டு டிஃபென்ஸ் கவுன்சில்னு ஒரு முறை வந்திருக்கு. முழு நேர வக்கீல்கள், மாச சம்பளம், வெளி கேஸ் எடுக்கக்கூடாது, சீஃப், டெபுட்டி, அசிஸ்டன்ட்னு மூணு அடுக்கு, சீஃப்க்கு பத்து வருஷ கிரிமினல் அனுபவம் வேணும். பிபி ஆபீஸுக்கு சமமா எதிர்தரப்புக்கும் ஒரு ஆபீஸ்ங்கறதுதான் யோசனை. என் கண்ணுக்கு இது பேனல் முறைய விட நல்லது, அந்த சின்ன பசங்க தினமும் கோர்ட்லயே கெடக்கறாங்க, ஜெயிலுக்கு போறாங்க. போன வருஷம் அதுல ஒரு பொண்ணு, ரெண்டு வருஷ அனுபவம்கூட இருக்காது, மகஜர், அதாவது பொருள கைப்பத்துனதா எழுதற பத்திரம், அதுல கையெழுத்து போட்ட சாட்சிய நிறுத்தி ஒரே கேள்வி கேட்டுச்சு, பைக்க கைப்பத்துன எடத்துல தெருவிளக்கு இருந்துச்சான்னு. அவன் முழிச்சுட்டு, நான் ஸ்டேஷன்லதாங்க கையெழுத்து போட்டேன்னுட்டான். நாப்பதாயிரம் வாங்கற சீனியர்கூட அத கேட்டிருப்பாரான்னு தெரியாது. போலீஸ்கிட்ட குடுத்த வாக்குமூலம் சாட்சியமா செல்லாது, அத வச்சு ஒரு பொருள் கண்டுபிடிச்சாங்கன்னா அந்த பகுதி மட்டும்தான் செல்லும், அதனால திருட்டு கேஸ் பூராவும் அந்த கைப்பற்றுதல் மகஜர்லதான் தொங்கும். உங்க மச்சான்கிட்ட பைக் எங்க, எப்ப, யார் முன்னாடி எடுத்ததா எழுதியிருக்காங்க, நெசத்துல என்ன நடந்துச்சுன்னு இப்பவே கேட்டு குறிச்சு வைங்க, மறந்துடுவார்.

ஊர்ல வக்கீல் சங்கமே இவனுக்கு யாரும் ஆஜராகக்கூடாதுன்னு தீர்மானம் போட்டா என்ன பண்றதுன்னு சில பேர் கேப்பாங்க. கோயம்புத்தூர்ல போலீஸ்காரங்களுக்கு ஆஜராக மாட்டோம்னு போட்ட தீர்மானம் பத்தின வழக்குலதான், அப்படிப்பட்ட தீர்மானமெல்லாம் சட்டவிரோதம், செல்லாதுன்னு 2010ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. குண்டாஸ் மட்டும் வேற கணக்கு, தடுப்புக் காவல்னா 22ஆவது பிரிவுல வக்கீல் உரிமை பொருந்தாது, அந்த காவல் சரியான்னு பாக்கற அறிவுரைக் கழகத்துல வக்கீல் நிக்க முடியாது, ஆனா ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போட இலவச வக்கீல் கேக்கலாம். உங்க மச்சானுக்கு அது பேச்சே இல்ல, பயப்படாதீங்க.

இப்ப செய்ய வேண்டியது. உங்க ஊர் கோர்ட் வளாகத்துல வட்ட சட்டப்பணிகள் குழு ஆபீஸ் இருக்கும், அங்க உங்க அக்காவ கூட்டிட்டு போங்க, ஒரு வெள்ளத்தாள் போதும். மச்சான் பேரு, எந்த ஸ்டேஷன், குற்ற எண், எந்த மாஜிஸ்திரேட் கோர்ட், எந்த கிளைச்சிறை, ரிமாண்ட் தேதி, அடுத்த வாய்தா தேதி, காவலில் இருப்பதால் 12ஆவது பிரிவின்படி இலவச வக்கீல் வேண்டும், ஜாமீன் மனு உடனே தாக்கல் பண்ண வேண்டும்னு எழுதி குடுத்து நகல்ல சீல் வாங்கிக்குங்க. எஃப்ஐஆர் நகல் இல்லன்னு உக்காந்துடாதீங்க, பெரும்பாலும் போலீஸ் வெப்சைட்லயே எடுக்கலாம். போக முடியலன்னா 15100க்கு போன் போடுங்க. அதே நேரத்துல ஜெயில்ல மனு போட்டு பாக்கும்போது மச்சான்கிட்டயும் சொல்லுங்க, ஜெயில்லயே சட்ட உதவி மையம் இருக்கு, பிஎல்வின்னு சட்ட உதவி தன்னார்வலர் ஒருத்தர் வருவார், கண்காணிப்பாளர் மூலமாவும் எழுதி குடுக்கலாம். அடுத்த வாய்தால வீடியோலயோ நேர்லயோ மாஜிஸ்திரேட் முன்னாடி வந்தா தலையாட்டக்கூடாது, வாய திறந்து, ஐயா எனக்கு வக்கீல் இல்ல, கவர்மென்ட் செலவுல வேணும்னு அவரே சொல்லணும்.

வக்கீல் பேரு வந்ததும் முதல் வேலையா நீங்க போய் அவர பாருங்க. சட்ட உதவிக்கு வந்த வக்கீல் உங்ககிட்ட ஒரு பைசா கேக்கக்கூடாது, டைப்பிங் செலவு, குமாஸ்தாவுக்குன்னு கேட்டாலும் தப்புதான், கேட்டா சண்ட போடாதீங்க, செயலாளருக்கு எழுதி குடுங்க, வக்கீல மாத்தி குடுப்பாங்க. ஆனா அவருக்கு கேஸ் கட்டு தானா பேசாது, குடும்பம் வந்து நின்ன கேஸுக்கும் யாருமே வராத கேஸுக்கும் வித்தியாசம் உண்டு, அது நியாயமில்லதான், ஆனா உண்டு. இன்னொண்ணு, கோர்ட் வாசல்ல யாராவது ஒத்துக்கிட்டு ஃபைன கட்டிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும்னு சொன்னா வக்கீல கேக்காம தலையாட்ட வேண்டாம்னு மச்சானுக்கு சொல்லி வைங்க, திருட்டு கேஸ்ல ஒத்துக்கிட்டார்னா அடுத்த பைக் காணாம போனாலும் போலீஸ் வர்றது அவர் வீட்டுக்குதான்.

ரிமாண்ட் தேதி என்னன்னு போடுங்க தம்பி, எஃப்ஐஆர்ல போட்டிருக்கற பிரிவும் சேத்து. 60ஆவது நாள் என்னைக்கு வருதுன்னு நான் எண்ணி சொல்றேன்.